உன் கட்டுரையில் இல்லாத மனிதர்

சாமி,

நீ அனுப்பிய கவர் கிடைத்தது. உள்ளே இரண்டு சங்கதிகள் இருந்தன. ஒன்று, உன் பள்ளிக்கூட ஆண்டு மலரில் நீ எழுதிய கட்டுரை; நம் வாழ்நாளில் உலகம் கண்ட பெரிய நிகழ்ச்சிகளைப் பற்றியது. இன்னொன்று, வருகிற தை மாதம் நடக்கப்போகும் உன் கல்யாணத்துக்கு அடித்த பத்திரிகை. கட்டுரை எப்படி இருக்கிறது என்று எழுதச் சொல்லியிருந்தாய். பத்திரிகையைப் பற்றி என்னிடம் எதுவும் கேட்கவில்லை. நான் இரண்டுக்கும் சேர்த்தே எழுதுகிறேன். இதை எழுதும்போது உன் அப்பா கிணற்று மேட்டில் உட்கார்ந்து கயிறு திரித்துக்கொண்டிருக்கிறார். வெயில் படும்படி புண் ஆறாத காலை நீட்டி வைத்திருக்கிறார். நடுநடுவே இருமுகிறார். உன் பத்திரிகையில் அவர் பெயருக்கு முன்னால் ‘காலஞ்சென்ற’ என்று போட்டிருக்கிறது.

பெண் வீட்டாரிடம் முதலிலேயே அப்படிச் சொல்லியாகிவிட்டது, இனி மாற்றிச் சொன்னால் அசிங்கம், பெரியப்பாவும் இதுதான் நல்லது என்றார் என்று நீ எழுதியிருக்கிறாய். முகூர்த்த நேரத்தில் நான் உள்ளே இருந்துகொள்ள வேண்டும், மணையருகில் பெரியம்மா நின்றுகொள்வார் என்றும் எழுதியிருக்கிறாய். பத்திரிகையை இன்னும் யாருக்கும் கொடுக்கவில்லை, கார்த்திகைக் கடைசியில்தான் கொடுக்கத் தொடங்குவோம் என்றும் எழுதியிருக்கிறாய். கையெழுத்து எப்போதும்போல் அழகாக இருக்கிறது. ஒரு இடத்தில்கூட மை சிந்தவில்லை. எழுதும்போது உன் கை எங்காவது தயங்கியிருக்கும் என்று நினைத்து இரண்டு முறை திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

முதலில் கட்டுரை. அமெரிக்காவில் சந்தை விழுந்ததில் தொடங்கியிருக்கிறாய். அதனால் உலகம் முழுவதும் விளைபொருள் விலை சரிந்தது என்று ஒரு வரி எழுதிவிட்டு அடுத்ததற்குப் போய்விட்டாய். அமெரிக்கா எந்தத் திசையில் இருக்கிறது என்று எனக்கு அன்றைக்கும் தெரியாது, இன்றைக்கும் தெரியாது. திருச்செங்கோட்டுச் சந்தைக்குப் போன நம் நிலக்கடலை மூட்டைகள் போன வண்டியிலேயே திரும்பி வந்ததுதான் எனக்குத் தெரியும். வாங்க ஆளில்லை. பருத்தியும் அப்படித்தான். விலை விழுந்தது, வரி விழவில்லை. உன் அப்பா நாலைந்து வருஷம் பல்லைக் கடித்துக்கொண்டு தாக்குப்பிடித்தார். கடைசியில் கிணற்றில் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்த எருதுகளை விற்றார். வாங்கியவர் ஓட்டிக்கொண்டு போகும்போது இவரும் ஊர் எல்லை வரை பின்னாலேயே போய்விட்டுத் திரும்பி வந்தார். எருது இல்லாத கிணறு இருந்தென்ன, இல்லாமலென்ன. பெரியப்பா வந்து சொன்னார்: “மலேயாவுக்குப் போனவிய எல்லாம் பொளச்சுக்கிட்டுத்தான இருக்கறாங்க. நீயும் போய்ட்டு வா. காட்ட நான் பாத்துக்கறேன்.” சங்ககிரி ரயிலடி வரைக்கும் நீ அப்பா கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாய். வண்டி கிளம்பும்போது உனக்குக் கடலை உருண்டை வாங்கிக் கொடுத்தார். நீ அதைத் தின்றுகொண்டு கையை ஆட்டினாய். அமெரிக்காவில் விழுந்த சந்தை நம் வீட்டில் இப்படி வந்து விழுந்தது.

அவர் ரப்பர் தோட்டத்திலிருந்து கடிதம் போடுவார். அவருக்கு எழுத்துத் தெரியாது; அங்கே ஒரு கணக்கப்பிள்ளை எழுதிக் கொடுப்பார். எனக்கும் தெரியாது, இங்கே மளிகைக் கடைக்காரர் படித்துச் சொல்வார். கடையில் நிற்கிற அத்தனை பேருக்கும் கேட்கும்படி, “அம்முணி, ராத்திரியில உன்ற நெனப்பாவே இருக்குதாம்” என்று அவர் உரக்கப் படித்தபோது எனக்குத் தரையில் புதைந்து போகலாம்போல் இருந்தது. அன்று சாயங்காலமே உன் முதல் வகுப்புப் புத்தகத்தை எடுத்து உன் முன்னால் வைத்தேன். நீதான் எனக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தாய். தப்பாகச் சொன்னால் வாத்தியார் மாதிரி என் காதைப் பிடித்துத் திருகுவாய். அடுத்த பொங்கலுக்கு வந்த கடிதத்தை நானே படித்தேன். இன்று உன் பத்திரிகையை நான் படிக்க முடிந்தது என்றால் அது நீ கொடுத்த எழுத்தால்தான். அதை மறக்கவில்லை.

அடுத்து யுத்தம். நன்றாகவே எழுதியிருக்கிறாய். எந்த நாடு யாரோடு சேர்ந்தது, எந்தக் கப்பல் எங்கே மூழ்கியது எல்லாம் இருக்கிறது. எங்களுக்கு யுத்தம் மண்ணெண்ணெய்க் கடையில் தொடங்கியது. பிறகு பர்மா அரிசி நின்றுபோனது. ரேஷன் கடையில் புழு நெளியும் சோளத்துக்கு வரிசையில் நின்றோம். ‘சிங்கப்பூர் வீழ்ந்தது’ என்று உன் கட்டுரையில் ஒரு வரி இருக்கிறது. இரண்டே சொல். அந்த இரண்டு சொல்லுக்குள்தான் உன் அப்பா அகப்பட்டுக்கொண்டார். அன்றோடு கடிதம் நின்றது. தபால்காரர் நம் தெருவுக்குள் நுழைந்தாலே நான் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓடுவேன். கொஞ்ச நாளில் அவர் என்னைப் பார்த்தால் பக்கத்துச் சந்து வழியாகப் போக ஆரம்பித்தார். வருஷம் வருஷமாக இப்படித்தான் போனது. நான் தாலிச்சரட்டுக்கு மஞ்சள் பூசுவதை ஒரு வெள்ளிக்கிழமைகூட விடவில்லை.

ஜப்பான்காரன் தோற்றான், யுத்தம் முடிந்தது என்று நீ சேலத்துக் கல்லூரியிலிருந்து கார்டு எழுதினாய். இனிமேல் கப்பல் வரும் என்று நான் நினைத்தேன். கப்பல் வந்தது. ஓமலூர்ப் பக்கத்து ஆள் ஒருவன் வந்து இறங்கினான். நம் ஆட்களைத் தேடி வந்து சொன்னான்: ஜப்பான்காரர்கள் தோட்டத்திலிருந்து ஆண்களைப் பிடித்துக்கொண்டு போய்ச் சயாம் காட்டில் ரயில் பாதை போட வைத்தார்கள், இவனும் உன் அப்பாவும் ஒரே கூட்டத்தில் இருந்தார்கள், காலரா வந்தது. “படுத்தவியள எல்லாம் ஒரு கொட்டாய்ல போட்டு வெச்சிருந்தாங்க. காத்தால பாத்தா கொட்டாயவே கொளுத்திப்போட்டாங்கம்மா,” என்றான். அவன் அழுதான். நான் அழவில்லை. “நீ அவுரு மொகத்தப் பாத்தியா?” என்று கேட்டேன். “மொகம் பாக்கலீங்க. கொட்டாயத்தான் பாத்தனுங்க,” என்றான். எனக்கு அது போதும். முகம் பார்க்கவில்லை என்கிறானே.

உன் பெரியப்பாவுக்கு அது போதவில்லை. அவர் மகளுக்கு வரன் கூடி வந்திருந்த நேரம் அது. செத்தானா பிழைத்தானா என்று தெரியாத ஒருவனை வைத்துக்கொண்டு அந்த வீட்டில் நல்ல காரியம் செய்யக்கூடாது என்று யாரோ சொல்லிவிட்டார்கள். என்னிடம் வந்தார். “இங்க பாரு அம்முணி, போனவனுக்குச் செய்ய வேண்டியதச் செய்யாம உட்டா அவனுக்கும் வழி கெடைக்காது, ஊட்டுலயும் ஒண்ணும் நடக்காது. என்ற புள்ளய நான் எத்தன நாளைக்கு ஊட்டுலயே வெச்சிருக்கறது?” என்றார். ஒரு வருஷம் பொறுங்கள் என்றேன். உன்னை வரவழைத்தார்கள். நீ படித்தவன், உன் பேச்சை நான் கேட்பேன் என்று அவர்களுக்குத் தெரியும். நீ எனக்காகப் பேசுவாய் என்று நான் நினைத்தேன். நீ பையிலிருந்து ஒரு செய்தித்தாளை எடுத்தாய்.

“அம்மா, அந்த ரயில் ரோட்டுல ஆயிரக்கணக்குல செத்துட்டாங்கன்னு பேப்பர்லயே போட்டிருக்குது. தப்பிச்சவிய கொஞ்சப் பேருதான். நாமளும் மனசத் தேத்திக்கோணும்.”

“சாமி, அவன் மொகத்தப் பாக்கலீன்னு சொல்றானே.”

“உலகமே பாத்திருக்குதும்மா.”

இதுதான் நீ சொன்னது. உனக்கு ஞாபகம் இருக்காது. உலகம் பார்த்ததாம். உலகத்துக்கு உன் அப்பாவின் முகம் தெரியுமா? ஆயிரம் பேரில் அவர் இருக்கிறாரா, கொஞ்சப் பேரில் இருக்கிறாரா என்று அந்தக் காகிதத்தில் போட்டிருந்ததா? பெரியப்பா சொன்னபோது எதிர்த்து நின்ற நான், நீ சொன்னதும் வாயை மூடிக்கொண்டேன். பேப்பர் படிக்கிற பிள்ளை, இவனுக்குத் தெரியாததா என்று நினைத்துவிட்டேன்.

உடல் இல்லாத சாவுக்கு நம் பக்கம் சோளத்தட்டில் ஓர் உருவம் கட்டி எரிப்பார்கள் என்பது உனக்குத் தெரியும், நீதானே எரித்தாய். அதற்கு முன்னால் நடந்த ஒன்று உனக்குத் தெரியாது. ஆள் எவ்வளவு உயரம் என்று என்னிடம்தான் வந்து கேட்டார்கள். நம் வீட்டு நிலைப்படியில் தலை இடிக்கும் உயரம் என்று சொன்னேன். நிலைப்படியை முழம் போட்டு அளந்துவிட்டுப் போய்க் கட்டினார்கள். அவர் பெட்டியில் மடித்து வைத்திருந்த வேட்டியை எடுத்து அதற்குச் சுற்றினார்கள். நீ மொட்டையடித்துக்கொண்டு கொள்ளி வைத்தாய். சோளத்தட்டு நன்றாகக் காய்ந்திருந்தது, படபடவென்று எரிந்துவிட்டது. எனக்கு என் அண்ணன் வெள்ளைச் சேலை கொண்டுவந்தார். பெண்கள் சுற்றி உட்கார்ந்து என் கழுத்திலிருந்ததை எடுத்தார்கள். அடுத்த முகூர்த்தத்தில் பெரியப்பா மகள் கல்யாணம் நடந்தது. சாப்பாடு நன்றாக இருந்தது என்றார்கள். எனக்குத் தெரியாது, நான் பின்கட்டில் இருந்தேன்.

உன் கட்டுரையில் கடைசி நிகழ்ச்சி சுதந்திரம். அதைப் பற்றி மட்டும் ஒரு பக்கம் எழுதியிருக்கிறாய். கொடியேற்றியது, மிட்டாய் கொடுத்தது, நீ மாணவர்கள் கூட்டத்தில் பேசியது. அதெல்லாம் முடிந்து தெருவில் கட்டிய காகிதக் கொடிகள் மழையில் நனைந்து சாயம் போய்த் தொங்கிக்கொண்டிருந்த நேரத்தில், நம் கடலைக் காட்டில் களை எடுத்துக்கொண்டிருந்தேன். வரப்பு மேல் ஒருவர் நொண்டிக்கொண்டு வந்தார். பிச்சைக்காரர் என்று நினைத்தேன். பக்கத்தில் வந்து நின்றார். என்னையே மேலும் கீழும் பார்த்தார்.

“ஏம் புள்ள, இது யாருக்கு இந்தக் கோலம்?”

“உங்களுக்குத்தானுங்க,” என்றேன்.

அந்தக் கொட்டகையில் கிடந்தவர் தாகம் தாங்காமல் ஊர்ந்து ஊர்ந்து ஆற்றுப் பக்கம் போயிருக்கிறார். தண்ணீர் தேடிப் போனதால் நெருப்பில் அகப்படவில்லை. பிறகு எங்கெங்கோ ஆஸ்பத்திரியில் கிடந்திருக்கிறார். கடிதம் எழுதிக் கொடுத்த கணக்கப்பிள்ளை செத்துப்போய்விட்டார், வேறு யாரிடமோ சொல்லி எழுதிய கடிதம் நமக்கு வந்து சேரவில்லை. சங்ககிரியில் இறங்கி நடந்து வரும் வழியில் கொடிகளைப் பார்த்து என்ன விசேஷம் என்று கேட்டாராம். சுதந்திரம் வந்துவிட்டது என்றார்களாம். நல்ல நாள் பார்த்துத்தான் ஊருக்கு வந்திருக்கிறேன் என்று நினைத்தாராம். இதை என்னிடம் சொல்லிச் சிரித்தார்.

வீட்டு வாசலில் பெரியப்பா நிறுத்திவிட்டார். “கருமாதி ஆனவன் ஊட்டுக்குள்ள வந்தா குடிக்கே ஆவாதுடா,” என்றார். தம்பியைக் கட்டிப்பிடித்து அழவும் செய்தார், அதையும் சொல்ல வேண்டும். ஊர்ப் பெரியவர்கள் கூடிப் பேசினார்கள். அதற்கு வழி இருக்கிறது என்று சொன்னார்கள். கொள்ளி வைத்த மகனே வந்து கிணற்றடியில் அவர் தலையில் குடம் தண்ணீர் ஊற்றி, கையைப் பிடித்து வீட்டுக்குள் அழைத்துப் போக வேண்டும். அப்படிச் செய்தால் அவர் புதிதாகப் பிறந்தவர். அதற்கப்புறம் எனக்குத் திரும்பவும் தாலி கட்டலாம். வேறு யார் ஊற்றினாலும் செல்லாது. அதுவரை அவர் காட்டில் இருக்கும் சாளையில், அந்தக் கீற்றுக் குடிசையில் இருக்கட்டும் என்று முடிவானது. உனக்குச் சொல்லி அனுப்பினோம்.

நீ வந்தாய். வரப்பிலேயே நின்றாய், செருப்பைக் கழற்றவில்லை. அவர் எழுந்து வந்து உன் தலையைத் தடவிப் பார்த்தார். “எனக்கு மொட்ட அடிச்சியாமில்ல சாமி? முடி நல்லா வந்துருச்சு,” என்றார். கோபத்தில் சொல்லவில்லை, சந்தோஷமாகத்தான் சொன்னார். நீ குனிந்து வரப்பையே பார்த்துக்கொண்டு நின்றாய். பரீட்சை முடியட்டும், வந்து செய்கிறேன் என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனாய். பரீட்சை முடிந்தது. வேலை கிடைக்கட்டும் என்றாய். வேலை கிடைத்தது. அதற்குள் நாமக்கல்லில் பெண் கிடைத்துவிட்டது; பெண் வீட்டாருக்கு அப்பா இறந்துவிட்டார் என்று சொல்வது உனக்கு லேசாக இருந்திருக்கிறது. இந்த இரண்டு வருஷமாக நான் இரண்டு வேளையும் சாளைக்குச் சோறு கொண்டுபோகிறேன். தாலி அறுத்தவள் சாளைக்குப் போய் ஓர் ஆம்பளைக்குச் சோறு போடுகிறாள் என்று நம் பங்காளி வீட்டுப் பெண்களே சொல்லிச் சிரிக்கிறார்கள். நிலைப்படியில் அவர் தலை இன்றுவரை இடிக்கவில்லை.

நாம் எங்காவது போய்விடலாம் என்று நான் ஒரு தரம் கேட்டேன். “எதுக்குப் புள்ள? அவன் கூப்புடுவான். படிச்ச பையன், நாலு வேல இருக்கும்,” என்றார். உலகத்தில் அவரை அடிக்காதவன் யாருமில்லை. சந்தை அடித்தது, ஜப்பான்காரன் அடித்தான், காலரா அடித்தது. அதையெல்லாம் அவர் சொல்லும்போது அலுத்துக்கொள்வார். உன்னைப் பற்றி மட்டும் அலுத்துக்கொண்டதே இல்லை. அதை நினைத்தால்தான் எனக்கு வயிறு எரிகிறது.

கல்யாணம் செய்துகொள்ளப் போகிறவனுக்குத் தாய் நாலு புத்தி சொல்வது வழக்கம். நான் ஒன்றுதான் சொல்வேன். நாளைக்கு உன் பெண்டாட்டி உன்னிடம் ‘கொஞ்சம் பொறுங்கள்’ என்று சொன்னால் பொறு. அவளுக்குக் காரணம் சொல்லத் தெரியாமல் இருக்கலாம். அவள் பேப்பர் படிக்காதவளாக இருக்கலாம். நீ படித்த காகிதத்தை அவள் வாய்க்கு எதிரே நீட்டாதே.

இப்போது பத்திரிகைக்கு வருகிறேன். அதைச் சாளைக்குக் கொண்டுபோனேன். மறைத்து வைக்கலாம் என்றுதான் இருந்தேன், மஞ்சள் தடவின மூலை மடியிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டது. “பத்திரிக்கயா? படி புள்ள,” என்றார். படித்தேன். அவர் பெயரை நான் வாயால் சொன்னதில்லை, அந்த இடம் வந்ததும் ‘உங்க பேருங்க’ என்றேன். அதற்கு முன்னால் இருந்த சொல்லை விட்டுவிட்டேன்.

“எம் பேரு மொதல்லயே போட்டிருக்குதா?”

“மொதல்லதானுங்க.”

“எங்க, காட்டு.”

விரலால் காட்டினேன். அவரும் விரலை வைத்துத் தடவினார். தடித்த விரல், இரண்டு சொல்லையும் சேர்த்து மூடிவிட்டது. அன்றிலிருந்து அந்தப் பத்திரிகை சாளைக் கூரையில் கீற்றுக்கு நடுவில் செருகியிருக்கிறது. கல்யாணத்துக்குக் கட்ட ஒரு வேட்டியை வெளுத்து வைக்கச் சொல்லியிருக்கிறார். உன்னிடமிருந்து அழைப்பு வந்துவிட்டது என்றே நினைக்கிறார். இன்னொன்றும் கேட்டார். “எழுத்துச் சொல்லிக்குடு புள்ள. என்ற மகன் கலியாணப் பத்திரிக்கய நானே படிக்கோணும்.” நீ எனக்குச் சொல்லிக் கொடுத்த அதே புத்தகத்தைப் பெட்டியிலிருந்து எடுத்துக்கொண்டு போனேன். அதை வைத்துத்தான் தினமும் சொல்லித் தருகிறேன். வேண்டுமென்றே மெதுவாகச் சொல்லித் தருகிறேன். அவரோ நான் வருவதற்கு முன்னாலேயே மண்ணில் குச்சியால் எழுதிப் பழகிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

நேற்று அவராகவே பத்திரிகையை உருவி எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். “எம் பேருக்கு முன்னால இன்னொண்ணு இருக்குதே புள்ள. நீ அதப் படிக்கலியே. என்னது, பட்டமா?” என்று கேட்டார். “ஆமாங்க, மருவாதிக்குப் போடறதுங்க,” என்றேன். அவருக்கு ஒரே சந்தோஷம். படித்த பிள்ளை அப்பாவுக்கு மரியாதை வைத்திருக்கிறான் என்று கிணற்றடிப் பக்கம் வந்த இரண்டு பேரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

தை பிறப்பதற்குள் அவர் எழுத்துக் கூட்டிப் படித்துவிடுவார். அதற்குள் நீ வா. வேறு பத்திரிகை அடித்துக்கொண்டு வா. குடம் கிணற்றடியில்தான் கவிழ்த்து வைத்திருக்கிறது. தண்ணீர் ஊற்ற உனக்கு மனம் வராவிட்டால் பரவாயில்லை, அப்போதும் வா. வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்து, அந்த முதல் சொல்லை நீயே அவருக்குப் படித்துச் சொல்லிவிட்டுப் போ.

இன்னும் வெள்ளைச் சேலையில்,
உன் அம்மா